சேடில் ஃபிட்டர் ஆகணும்னா முதல்ல வெறும் முதுகைப் பாருங்க

கேள்வி: அண்ணே வணக்கம். நாலு வருஷமா ஒரு ரைடிங் ஸ்கூல் லாயத்துல குதிரை பாத்துக்குற வேலை செய்றேன், சுமாரா ரைடிங்கும் வரும். எங்ககிட்ட ஒரு பெண்குதிரை இருக்கு, சேணத்தை எடுத்துட்டு கிட்ட போனாலே காதை பின்னாடி மடக்கும், வாலை சுழட்டும், வயித்துப்பட்டையை இறுக்கினா திரும்பி கடிக்க வரும். எல்லாரும் அதை திமிர் பிடிச்ச குதிரைன்னு தான் சொல்லிட்டு இருந்தாங்க. போன மாசம் ஒரு சேடில் ஃபிட்டர், அதாவது குதிரை முதுகுக்கு ஏத்த மாதிரி சேணத்தை பொருத்திக் குடுக்குறவர், வந்து ஒன்றரை மணி நேரம் பாத்துட்டு சேணத்தை மாத்திக் குடுத்தாரு, இப்ப அது அமைதியா நிக்குது. அதைப் பாத்ததுல இருந்து எனக்கும் அந்த வேலை செய்யணும்னு ஆசை. ரெண்டு நாள் ஆன்லைன் கோர்ஸ், முடிச்சா சர்டிபிகேட்னு விளம்பரம் வருது, சேரலாமா? தோல் வேலை தெரிஞ்சே ஆகணுமா? இதை வச்சு பொழைக்க முடியுமா?

பதில்: தம்பி, அந்தக் குதிரை காதை மடக்குறதையும் வாலை சுழட்டுறதையும் எழுதியிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்சதும் பதில் எழுத உக்காந்துட்டேன். மத்தவங்க திமிருன்னு சொன்னதை நீங்க வலின்னு பாத்திருக்கீங்க. வாயில்லா ஜீவன், அது சொல்ற விதமே அது தான். இந்தத் தொழிலுக்கு முதல்ல வேண்டியது அந்தக் கண்ணு, அது உங்களுக்கு இருக்கு.

கோர்ஸ் விஷயத்தை முடிச்சிடுறேன். குதிரை உடம்பு பத்தி ஒரு அறிமுகம் கிடைக்கட்டும்னு சேர்ந்தா தப்பில்ல, சர்டிபிகேட் கைக்கு வந்துடும் அடுத்த வாரம் தொழில் ஆரம்பிச்சிடலாம்னு நினைச்சு சேராதீங்க. பல இடங்கள்ல சேடில் ஃபிட்டர்னு யார் வேணா சொல்லிக்கலாம், லைசென்ஸ் கிடையாது, தடுக்க ஆளும் கிடையாது, அதனால தான் இந்த சர்டிபிகேட் வியாபாரம் நடக்குது. திரையில படம் காட்டி பேனல், அதாவது சேணத்துக்கு அடியில முதுகுல படுற மெத்தை, சமமா உக்காந்திருக்குன்னு சொல்லிடலாம். ஆனா உங்க கையை சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவுல விட்டு முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் நகர்த்திட்டுப் போகும்போது எங்க விரல் நசுங்குது எங்க சும்மா நழுவுதுன்னு ஒரு வித்தியாசம் தெரியும், அதை கை தான் கத்துக்கணும், அதுக்கு நூறு முதுகாவது வேணும். அது இல்லாத சர்டிபிகேட் ஏட்டுச் சுரைக்காய்.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, சேணம்ங்கறது உள்ள விறைப்பான ஒரு சட்டம் இருக்குற பொருள், முதுகு ஓயாம அசையுற விஷயம், ரெண்டையும் சேத்து வைக்கிறது தான் நம்ம வேலை. குதிரைக்கு நமக்கு இருக்குற மாதிரி காறை எலும்பு கிடையாது, தோள்பட்டை எலும்பு மத்த எலும்புக்கூட்டோட மூட்டு போட்டு சேரவே இல்ல, தசையும் நாரும் தான் அதை உடம்போட பிடிச்சு வச்சிருக்கு. நாளைக்கே ஒண்ணு செஞ்சு பாருங்க. சாதுவான குதிரை ஒண்ணை எடுத்துக்கோங்க, தோள்பட்டை எலும்போட பின் ஓரத்தை விரலால தேடி உள்ளங்கையை அங்க வச்சுக்கோங்க, கூட இருக்குறவரை முன்னங்காலை தூக்கி மெதுவா முன்னாடி இழுக்கச் சொல்லுங்க. அந்த எலும்போட மேல்பகுதி பின்பக்கமா சுழண்டு வந்து உங்க கையை தள்ளும். குதிரை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த எலும்பு அப்படித் தான் வந்துட்டுப் போகுது. அந்த இடத்துல சேணத்தோட முன் முனை உக்காந்திருந்தா என்ன ஆகும்னு அதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல. அதனால தான் அந்த ஓரத்துல இருந்து ஒரு ரெண்டு விரல் விட்டு பின்னாடி வைக்கிறது.

பின்னாடி பக்கம் எல்லை கடைசி விலா. குதிரைக்கு வழக்கமா 18 ஜோடி விலா, அந்தப் 18வது விலா முதுகெலும்புல சேருற இடத்தை தாண்டி பாரம் போகக் கூடாது, அதுக்கப்புறம் இடுப்புப் பகுதி, கீழ விலா எலும்போட தாங்கல் இல்ல. ஆக தோளுக்கும் கடைசி விலாவுக்கும் நடுவுல எவ்வளவு இடமோ அவ்வளவு தான் நமக்குக் கிடைச்சது. குட்டை முதுகு குதிரைல அது ரொம்பக் கம்மி, ஏறுறவர் பெரிய உடம்புக்காரரா இருந்தா அவருக்கு பெரிய சீட் வேணும், குதிரைக்கு சின்ன சேணம் வேணும், அந்த நேரத்துல ரெண்டு பேர் மனசும் நோகாம உண்மையை சொல்லணும். இதுக்கு எந்த கோர்ஸும் கிடையாது, நல்ல ஃபிட்டர் கூட போய் அவர் எப்படி பேசறாருன்னு கேட்டு தான் கத்துக்கணும்.

நல்ல ஃபிட்டர் ஒருத்தர் வேலை செய்றதை கவனிச்சீங்கன்னா, முதல் இருபது நிமிஷம் சேணத்தை வண்டியில இருந்து எடுக்கவே மாட்டாரு. குதிரையை சமதரையில நாலு காலும் நேரா நிக்க வச்சு பின்னாடி பாதுகாப்பான தூரத்துல இருந்து முதுகை பாப்பாரு, ரெண்டு தோளும் ஒரே அளவான்னு பாப்பாரு, பல குதிரைல ஒண்ணு பெருசா இருக்கும், அப்ப பெரிய தோளுக்கு இடம் குடுத்து அளவெடுத்துட்டு சின்ன பக்கத்துல ஈடு கட்டணும், மாத்தி செஞ்சா பெரிய தோள் மாட்டிக்கும். பிடரி மயிர் முடியுற இடத்துல மேடா இருக்குமே, விதர்ஸ், அதுக்கு ரெண்டு பக்கமும் கீழ குழி விழுந்திருக்கான்னு தடவுவாரு, குழி இருந்தா அங்க தசை கரைஞ்சிருக்கு, பல நேரம் பழைய இறுக்கமான சேணத்தோட வேலை. கருப்பு இல்லைன்னா பழுப்பு நிறக் குதிரைல சேணம் படுற இடத்துல மட்டும் வெள்ளை முடி தெரிஞ்சா அங்க எப்பவோ அழுத்தம் தோலை கெடுத்திருக்குன்னு அர்த்தம், அது இப்ப இருக்குற சேணத்தால தான்னு சொல்லிட முடியாது, பழைய காயத்தோட தழும்பு மாதிரி. அப்புறம் விரல் நுனியை சமமா அழுத்தி முதுகுத் தசை வழியா ஓட்டுவாரு, குதிரை எங்க முதுகை கீழ இறக்குது, எங்க தோல் துடிக்குதுன்னு பாப்பாரு. எங்கயாவது துடிச்சா நின்னு அந்தப் பக்கம் திரும்பவும் ஒரு தடவை, அப்புறம் எதிர்ப்பக்கம் அதே இடம்.

அதுக்கப்புறம் தான் சேணம், அதுவும் துணி எதுவும் போடாம வெறும் முதுகுல. கொஞ்சம் முன்னாடி வச்சு முடி படிஞ்சிருக்குற திசையிலேயே பின்னாடி தள்ளினா அதுவா ஒரு இடத்துல நிக்கும், அது தான் அதோட இடம், பல பேரு இதுக்கு முன்னாடியே தோள் மேல வச்சு பட்டையை இறுக்கிடுறாங்க, பாதி பிரச்சனை அங்கேயே ஆரம்பிக்குது. விதர்ஸுக்கு மேல ரெண்டு மூணு விரல் இடைவெளி, ரெண்டு பக்க பேனலுக்கும் நடுவுல இருக்குற கால்வாய் முதுகெலும்பை எங்கயும் தொடாத அகலம், சீட்டோட ஆழமான இடம் நடுவுல. சட்டம் அகலமா இருந்தா முன்பக்கம் இறங்கி விதர்ஸ்ல உக்காரும், குறுகலா இருந்தா முன்பக்கம் தூக்கி நின்னு ஏறுறவரை பின்னாடி சாய்க்கும். பேனல் முன்னாடியும் பின்னாடியும் மட்டும் தொட்டு நடுவுல பாலம் மாதிரி நின்னா நாலு இடத்துல மொத்த பாரமும் இறங்கும். இதெல்லாம் நிக்க வச்சு பாக்குறது. ஏறி, நடை, டிராட்ங்கற துள்ளு ஓட்டம், கேண்டர்ங்கற பாய்ச்சல் ஓட்டம், ரெண்டு பக்க வட்டமும் போட்டு பின்னாடி நின்னு பாக்காம ஒரு ஃபிட்டர் சரியா இருக்குன்னு சொன்னா அவர்கிட்ட வேலை கத்துக்காதீங்க. வியர்வையில நடுவுல காஞ்ச திட்டு இருந்தா அழுத்தம்னு உடனே முடிவு கட்டுறவங்களும் இருக்காங்க, சேணம் அங்க தொடவே தொடலைன்னாலும் காஞ்சு தான் இருக்கும், கையை விட்டுப் பாத்து தான் சொல்லணும்.

நான் பட்ட ஒண்ணை சொல்றேன், ஏன்னா நீங்களும் இதே குழில விழ வாய்ப்பு இருக்கு. தனியா வேலை ஆரம்பிச்ச முதல் வருஷம், ஒரு பெரிய பழுப்பு ஆண்குதிரை, வட்டத்துல ஓடும்போது சேணம் எப்பவும் வலது பக்கம் நழுவும். நான் பேனல்ல கம்பளி சேத்தேன், சரியா வரல. மறுபடி போய் பட்டை மாட்டுற வாரை மாத்தினேன், ரெண்டு வாரம் நல்லா இருந்துச்சு, திரும்ப நழுவுச்சு. ஏறுற அம்மா ஒரு பக்கமா சாஞ்சு உக்காருறாங்கன்னு அவங்களையே குறை சொன்னேன். மூணாவது தடவை போனப்ப ஒரு வெட்னரி டாக்டர் வேற குதிரைக்காக வந்திருந்தாரு, எதேச்சையா பாத்துட்டு பின்னங்காலை பாக்கணும்னாரு. நொண்டல் இருந்துச்சு, கண்ணுக்கு சட்டுனு தெரியாத அளவு. அந்தக் காலுக்கு வைத்தியம் பண்ணினப்புறம் சேணம் தானா நடுவுல நின்னுச்சு, நான் சேத்த கம்பளியை எல்லாம் நானே எடுக்க வேண்டியதாச்சு. அந்த ரெண்டு மாசம் வலியோட ஓடின குதிரையை நினைச்சா இன்னிக்கும் மனசு கனக்குது. லைன் கிரீவ், சூ டைசன்னு ரெண்டு வெட்னரி ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டன்ல இதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 2013ல வெளியிட்டாங்க, பின்னங்கால் நொண்டல் இருக்குற குதிரைகள்ல சில குதிரைக்கு சேணம் ஒரு பக்கம் நழுவுது, அந்த வலியை மரத்துப் போக வைக்கிற ஊசி போட்டா பெரும்பாலான குதிரைல நழுவலும் நின்னுடுதுன்னு காட்டினாங்க. அதுல இருந்து சேணம் நழுவுற குதிரையை பாத்தா முதல்ல சேணம் இல்லாம டிராட் ஓட விட்டுப் பாக்காம நான் ஊசி நூல் எடுக்குறதில்ல.

உங்க லாயத்துப் பெண்குதிரைக்கும் இது பொருந்தும். சேணம் மாத்தினதும் சரியாச்சு, சந்தோஷம். ஆனா பட்டையை இறுக்கும்போது கடிக்க வர்ற குதிரைக்கு வயித்துல புண் இருக்கலாம், முதுகெலும்புல பிரச்சனை இருக்கலாம், அது நம்ம கைல இல்ல. நோய் இன்னதுன்னு சொல்றது டாக்டர் வேலை, பிரிட்டன்ல 1966ம் வருஷத்து வெட்னரி சர்ஜன்ஸ் சட்டப்படி டாக்டர் அல்லாதவங்க அதை செய்யவே கூடாது. சட்டம் இருக்கோ இல்லையோ நீங்க அந்தக் கோட்டை தாண்டாதீங்க. "எனக்கு இந்த இடத்துல சந்தேகமா இருக்கு, டாக்டர் பாத்தப்புறம் நான் வர்றேன்"னு சொல்லிட்டு திரும்பி வர பழகிக்கோங்க. அன்னிக்கு வருமானம் கம்மியாகும், அந்த டாக்டர் அடுத்த குதிரைக்கு உங்களை கூப்பிடுவாரு. லாடம் அடிக்கிறவர், பிசியோ எல்லாரோடயும் அப்படியே பழக்கம் வச்சுக்கோங்க.

தோல் வேலை தெரிஞ்சே ஆகணுமான்னு கேட்டீங்க. முழுசா ஒரு சேணத்தை செய்யத் தெரிய வேண்டியதில்ல, அது தனித் தொழில், அதுக்கே வருஷக்கணக்கு ஆகும். ஆனா ஃப்ளாக்கிங், அதாவது பேனலுக்குள்ள கம்பளி அடைக்கிறது, தெரியாத ஃபிட்டர் பாதி ஃபிட்டர் தான்னு நான் நினைக்கிறேன், இதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. பேனலுக்குள்ள இருக்குற கம்பளி உக்கார உக்கார படிஞ்சு போகும், புது சேணத்துல முதல் சில மாசத்துலயே படிஞ்சிடும், பழசுல கட்டி கட்டியா உருண்டு கல்லு மாதிரி ஆயிடும். மேஜை மேல சேணத்தை கவுத்து வச்சு, பேனல்ல இருக்குற சின்ன வாய் வழியா நீளக் கம்பியால கம்பளியை கொஞ்சம் கொஞ்சமா உள்ள அனுப்பணும், ஒரு கை உள்ள தள்ளுது, இன்னொரு கை தோலுக்கு வெளிய அது எங்க போய் சேருதுன்னு தொட்டுட்டே இருக்குது. கைப்பிடி அளவு மொத்தமா தள்ளினா அங்க ஒரு உருண்டை நிக்கும், அது குதிரைக்கு செருப்புக்குள்ள கிடக்குற கூழாங்கல்லு. பிச்சு பிச்சு பஞ்சு மாதிரி உதிர்த்து தான் அனுப்பணும், நடுநடுவுல குத்தூசியை வெளிய இருந்து குத்தி உள்ள இருக்குறதை கலைச்சு விடணும். நான் முதல்ல செஞ்ச பேனலை என் குரு கண்ணை மூடிட்டு ஒரு தடவை தடவினாரு, ஏழு இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டாரு, எல்லாத்தையும் வெளிய எடுன்னாரு. நாலு தடவை எடுத்து நாலு தடவை வச்சேன், அந்த வாரத்துல தான் என் விரலுக்கு பேனல் புரிஞ்சுச்சு.

கூடவே பாதுகாப்பு சோதனை. சட்டத்தை ட்ரீன்னு சொல்லுவாங்க, அது உடைஞ்சிருக்கான்னு முன் வளைவோட ரெண்டு கையையும் பிடிச்சு நெருக்கியும் விரிச்சும் பாக்கணும், பின் மேட்டை வயித்துல வச்சு முன்பக்கத்தை தன்னை நோக்கி இழுத்து சீட் எங்கயாவது மடங்குதா, சத்தம் வருதான்னு பாக்கணும், அங்கவடி வார் மாட்டுற இரும்பு, பட்டை வாரோட தையல் எல்லாம் பாக்கணும். உடைஞ்ச ட்ரீயை துணி போட்டு ஒப்பேத்த முடியாது. சட்டத்தோட அகலத்தை நேரோ, மீடியம், வைடுன்னு கம்பெனி எழுதியிருப்பாங்க, ஒருத்தர் மீடியம் இன்னொருத்தர் மீடியத்தோட ஒத்துப் போகாது, எழுத்தை நம்பாம ஒவ்வொண்ணையும் முதுகுல வச்சுப் பாருங்க.

சரி, எங்க கத்துக்குறது. இந்தத் தொழில்ல நெடுநாளா முறையான தகுதி குடுக்குறது பிரிட்டன்ல இருக்குற சொசைட்டி ஆஃப் மாஸ்டர் சாட்லர்ஸ், 1966ல ஆரம்பிச்சது. அவங்க அறிமுக கோர்ஸ் வேற, தகுதித் தேர்வு வேற, நடுவுல வேலை அனுபவம் வேணும், அறிமுக கோர்ஸ் முடிச்ச உடனே ஃபிட்டர் ஆயிட முடியாது, அந்த அமைப்பு எனக்கு ரொம்ப சரியா படுது. வட அமெரிக்காவுல சேடில்ஃபிட் 4 லைஃப்னு ஒரு பயிற்சி முறை இருக்கு, அதோட கோணம் கொஞ்சம் வேற. எதுல சேர்ந்தாலும் மூணு விஷயம் கேட்டுட்டு சேருங்க, எத்தனை நாள் நிஜக் குதிரையோட இருப்பீங்க, கோர்ஸ் முடிஞ்சப்புறம் யார் கூட வேலை பழகணும், தேர்வுல உங்க கையால செஞ்சு காட்டச் சொல்லுவாங்களா. மூணாவதுக்கு இல்லைன்னு பதில் வந்தா பணத்தை எடுத்து வச்சுக்கோங்க. ஒரே கம்பெனி சேணத்தை விக்கிறதுக்காக அந்தக் கம்பெனியே நடத்துற பயிற்சியும் இருக்கு, அதுலயும் கத்துக்க நிறைய இருக்கு, ஆனா எல்லா முதுகுக்கும் பதில் அந்த கம்பெனி சேணம் தான்னு உங்க கண்ணு பழகிடும், அதை மட்டும் பாத்துக்கோங்க.

குருவை தேடுறது கோர்ஸை விட முக்கியம். உங்க லாயத்துக்கு வந்தாரே அவர்கிட்டயே ஆரம்பிக்கலாம். ஒன்றரை மணி நேரம் ஒரு குதிரைக்கு செலவு பண்ற ஆளு அவசரக்காரர் இல்ல. கத்துக் குடுங்கன்னு நேரா கேட்டா தயங்குவாரு, "நீங்க போற நாள்ல குதிரை பிடிக்க, நோட்ல எழுத, சாமான் தூக்க நான் வர்றேன்"னு கேளுங்க. குதிரையை அமைதியா பிடிச்சு நிக்கத் தெரிஞ்ச ஆளு அவருக்கும் உதவி, நாலு வருஷ லாய அனுபவம் உங்களுக்கு கை குடுக்கும்.

ரைடிங் எவ்வளவு வேணும்னு நீங்க கேக்கல, ஆனா சொல்றேன். போட்டியாளரா இருக்க வேண்டியதில்ல, மூணு நடையிலயும் சமநிலையா உக்காரத் தெரியணும், முன்னாடி இறங்கின சேணம் எப்படி இருக்கும், பின்னாடி இறங்கினது எப்படி இருக்கும்னு உங்க இடுப்பு சொல்லணும். ஏறுறவர் "கால் நிக்கவே மாட்டேங்குது"ன்னு சொல்லும்போது அது அவர் பழக்கமா, அங்கவடி மாட்டுற இடம் தள்ளி இருக்கான்னு அப்ப தான் பிரிச்சு சொல்ல முடியும்.

பொழைக்க முடியுமான்னா, முடியும், ஆனா முதல் ரெண்டு மூணு வருஷம் இப்ப இருக்குற வேலையை விட்டுடாதீங்க. வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் இதுக்குன்னு ஒதுக்குங்க, ஒரே திசையில இருக்குற லாயங்களை ஒரே நாள்ல முடிக்கிற மாதிரி வச்சுக்கோங்க, பயணத்துலயே காசும் நேரமும் போயிடும். குதிரை உடம்பு பருவத்துக்கும் தீனிக்கும் பயிற்சிக்கும் மாறிட்டே இருக்கும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பாக்கணும், வளர்ற குட்டியா இருந்தா இன்னும் அடிக்கடி, அதனால ஒரு தடவை நம்பிக்கை வந்துட்டா அந்த வாடிக்கையாளர் உங்களை விட மாட்டாரு. பாக்குறதுக்கு ஒரு கட்டணம், சேணம் வித்தா தனிக் கணக்குன்னு ஆரம்பத்துலயே பிரிச்சு வச்சுடுங்க. வித்தா மட்டும் தான் காசுன்னு வச்சுக்கிட்டா, இருக்குற சேணத்துலயே கொஞ்சம் கம்பளி சேத்தா போதும்னு சொல்ல வேண்டிய இடத்துல வாய் வராது. ஒவ்வொரு குதிரைக்கும் தேதி போட்ட குறிப்பு, போட்டோ, என்ன சொன்னீங்க அவங்க என்ன முடிவு எடுத்தாங்கங்கறது வரைக்கும் எழுதி வைங்க, இன்சூரன்ஸ் இல்லாம ஒரு சேணத்துல கூட கை வைக்காதீங்க. ஒரு லாயத்துல இருந்து இன்னொரு லாயத்துக்கு போகும்போது அளவுகோல், துணி, உங்க கை எல்லாத்தையும் கழுவி கிருமிநாசினி போடுங்க, ஸ்ட்ராங்கிள்ஸ்ங்கற தொண்டை தொத்து நோய், படர்தாமரை எல்லாம் சாமான் வழியாவே ஊர் விட்டு ஊர் போகும்.

இப்ப இன்னிக்கே செய்யக் கூடியது. வளைச்சா அப்படியே நிக்கிற வரைகோல் ஒண்ணு வாங்குங்க, ஃப்ளெக்சிகர்வ்னு கேட்டா குடுப்பாங்க. தோள்பட்டை ஓரத்துல இருந்து ரெண்டு விரல் பின்னாடி ஒரு இடம், சேணத்தோட நடு இடம், கடைசி விலாவுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு இடம், மூணுலயும் குறுக்கா அழுத்தி படிய வச்சு எடுத்து அட்டையில வரையுங்க, அப்புறம் முதுகு நீளத்துக்கும் ஒண்ணு. எந்தப் பக்கம் இடதுன்னு எழுத மறந்துடாதீங்க, முதல்ல எல்லாரும் மறக்குறது அது தான். உங்க லாயத்துல இருக்குற எல்லாக் குதிரைக்கும் எடுங்க, மூணு மாசம் கழிச்சு அதே இடத்துல திரும்ப எடுத்து பழைய கோட்டு மேல வேற கலர்ல வரையுங்க. அந்தப் பெண்குதிரைல இருந்து ஆரம்பிங்க. விதர்ஸுக்குக் கீழ குழி இருந்திருந்தா, புது சேணமும் நல்ல பயிற்சியும் சேந்து அங்க தசை திரும்ப வர ஆரம்பிச்சிருக்கும், ரெண்டாவது கோடு முதல் கோட்டை விட கொஞ்சம் வெளிய தள்ளி நிக்கும். அப்படி நின்னா அந்த அட்டையை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க தம்பி, நிக்கலைன்னாலும் அனுப்புங்க, ஏன் நிக்கலன்னு சேந்து பாக்கலாம்.